ஏழு வரி இடம்

படம் வரைஞ்சு தர்றதுல எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல தம்பி. அளவைச் சொல்லுங்க, இடத்தைக் காட்டுங்க, பேருப் பட்டியலைக் குடுங்க, நாலு நாள்ல வரைஞ்சு தந்துருவேன். முப்பத்தோரு வருஷம் பொதுப்பணித்துறையில படம் போட்டவன் நான். மதகு, பாலம், கலிங்கு, ஓவர்சியர் குடியிருப்பு, எல்லாம் இந்தக் கை போட்டதுதான். சோலையப்பன் போட்ட படத்துல கால் அங்குலம் பிசகுச்சுன்னு ஒரு என்ஜினியர் சொன்னது கிடையாது. நீங்க யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க.

ஆனா ஒண்ணு. எங்க ஊரு நினைவுக் கல்லைப் பாத்துட்டு, அதே மாதிரி உங்க ஊர்ப் பயலுகளுக்கும் வேணும்னு வந்திருக்கீங்க. அதே மாதிரி வேண்டாம். ஏன் வேண்டாம்னு சொல்றேன், கேட்டுட்டு அப்பறம் முடிவு பண்ணுங்க. காப்பி ஆறுது, குடிங்க. நான் நின்னுக்கிட்டே பேசுறேன், தப்பா நினைக்காதீங்க. உக்காந்தா எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிடும்.

எங்க புளியங்கரட்டுல பட்டாளத்துக்குப் போறதுங்கிறது மத்த ஊர்ல திருப்பூருக்கு வேலைக்குப் போற மாதிரி. மழை பெய்யாத பூமி. மொச்சை வெதைப்போம், கொஞ்சம் சோளம் வெதைப்போம், அதுவும் பாதி வருஷம் கருகிரும். பத்தாவது முடிச்ச பய கண்மாய்க்கரையில ஓட ஆரம்பிச்சுருவான். இன்னைக்குத் தேதிக்கு நாப்பத்து மூணு பேரு சர்வீஸ்ல இருக்காங்க. எம் மகன் திருமாறனும் அதுல ஒருத்தன். ஹவில்தார். பதிமூணு வருஷ சர்வீஸ். எங்கேப்பா இருக்கேன்னு கேட்டா வடக்கேன்னுவான். அதுக்கு மேல அவங்க சொல்லக் கூடாது. நானும் கேக்க மாட்டேன். என் வீட்டுக்காரி போய் ஆறு வருஷம் ஆச்சு. வீட்டுல நான், மருமக கஸ்தூரி, ரெண்டு வயசுப் பேத்தி. அவ்வளவுதான்.

இந்த வேலையை ஆரம்பிச்சது வீரணன். சுபேதாரா இருந்து ரிட்டயர் ஆனவரு. எங்க ஊர்ல அவரு கூப்பிட்டா பால்காரன் சைக்கிளை நிறுத்திட்டுக் கேப்பான். ஒரு நாள் இங்க வந்து, இந்தா, நீங்க உக்காந்திருக்கிற இடத்துலதான் உக்காந்தாரு.

"ஏம்ப்பா சோலை, நம்ம ஊர்ல இருந்து போயி திரும்பாத பயலுகளுக்கு ஒரு அடையாளம் இல்ல. பஸ் ஸ்டாப் பக்கத்துல, தண்ணித் தொட்டி ஓரமா இடம் சும்மா கெடக்கு. நீ படம் போடு, நான் ஆளைச் சேக்குறேன்"னாரு.

அவரு மனசுல இருந்தது சிமெண்ட்டுச் சிப்பாய். துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு, பச்சைப் பெயிண்ட் அடிச்சு. நான் முடியாதுன்னுட்டேன். ரெண்டு மழைக்கு மூக்கு உதிரும், மூணாவது வருஷம் தொப்பியில காக்கா கூடு கட்டும். தாலுகா ஆபீஸ் பூரா பாத்திருக்கேன் அந்த மாதிரி சிலைகளை. கறுப்புக் கல்லு. அதுல பேரு. வேற ஒண்ணும் வேண்டாம்னேன். வீரணன் மீசையத் தடவிக்கிட்டே சரிப்பான்னாரு.

பேருப் பட்டியல் தயார் பண்ணது நான்தான். மாவட்ட முன்னாள் படைவீரர் ஆபீஸுக்கு மூணு தடவை போனேன். அவங்க தாள்ல ஒம்பது பேரு இருந்துச்சு. ஒம்பது வீட்டுக்கும் நேர்ல போயி எழுத்து சரியான்னு கேட்டேன். கடைசிப் பேரு பூமிராஜன். அவன் போயி எட்டு வருஷம் ஆகுது. ஆபீஸ் தாள்ல பூமிராஜ்னு போட்டிருந்தான். அவங்கம்மா சீனியம்மா, "எம் மகன் பேரு பூமிராஜன். கடைசி எழுத்தை அவனுங்களே வச்சுக்கிடுவாங்களோ"ன்னுச்சு. நான் திருத்திக்கிட்டேன். அவ்வளவு கவனமாத்தான் செஞ்சேன். அதை நீங்க ஞாபகத்துல வச்சுக்கணும். ஏதோ அவசரத்துல செஞ்ச வேலை இல்ல.

இப்ப டிசைன் சொல்றேன். தலைப்புக்கு எட்டு அங்குலம். ஒரு பேருக்கு நாலு அங்குலம், ஒம்பது பேருக்கு முப்பத்தாறு. பீடத்துப் பள்ளத்துல இறங்கி நிக்கிறதுக்கு ஆறு அங்குலம். நடுவுல? நடுவுலதான் நான் யோசிச்சேன். முதல் ஆளு அறுபத்தி ரெண்டுல சண்டையில போனவரு. அதுல இருந்து இன்னைக்கு வரைக்கும் ஒம்பது பேருன்னா, ஏழு வருஷத்துக்கு ஒருத்தர். கல்லு அம்பது வருஷமாவது நிக்கணும். அப்ப ஏழு வரி. ஏழு நாலு இருவத்தெட்டு. ஆகமொத்தம் ஆறரை அடிக் கல்லு. பீடத்துக்கு மேல ஆறு அடி, ஒரு ஆளு உசரம். பாக்கவும் லட்சணமா இருக்கும்.

இதுல என்ன தப்பு, சொல்லுங்க. பாலம் கட்டுறோம். இதுவரைக்கும் வந்த வெள்ளத்துக்கா கட்டுவோம்? வரப்போற வெள்ளத்துக்கும் சேத்துத்தானே தண்ணி போகக் கண்ணு விடுறோம். நான் பூரா சர்வீஸும் அதைத்தான் செஞ்சேன்.

கூட்டத்துல படத்தை விரிச்சுக் காட்டினேன். பதினாறு பேரு பாத்தாங்க. எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. கீழ எதுக்குய்யா இவ்வளவு இடம்னு ஒரு ஆளு கேக்கல. படத்துல வெறும் கோடுதானே. யாருக்கும் ஒண்ணும் உறுத்தல. திருமாறனுக்குக்கூட போன்ல படம் எடுத்து அனுப்பினேன். "சூப்பரா இருக்குப்பா"ன்னு பதில் போட்டான்.

மேலூர் பக்கம் கல்லறுக்கிற பட்டறை. லூர்துன்னு ஒரு கல் வேலைக்காரரு, நிதானமான ஆளு. எழுத்து வெட்டுனா முத்து மாதிரி இருக்கும். அவருதான் கொண்டாந்து நிறுத்தினாரு. ஒரு வியாழக்கிழமை, காலையில பத்து மணி. சந்தைக்குப் போற பொம்பளைங்க பூரா பஸ்ஸுக்கு நிக்கிறாங்க. சுத்தியிருந்த சாக்கை உரிச்சோம். அப்படியே கண்ணாடி தம்பி. வானம் தெரியுது, தண்ணித் தொட்டி தெரியுது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பொன்னுத்தாயின்னு ஒரு பொம்பளை. புருஷன் இல்லாம ரெண்டு மகனை வளத்து ரெண்டு பேரையும் பட்டாளத்துக்கு அனுப்பின ஆளு. கூடையைக் கீழ வச்சுட்டு வந்து பாத்துச்சு. ஒம்பது பேரையும் விரல் வச்சு வாசிச்சுச்சு. அப்பறம் விரல் கீழ வந்துச்சு.

"இது எதுக்குண்ணே, சும்மா கெடக்கு?"

"சும்மா இல்ல தாயி. பின்னால எழுதுறதுக்கு."

"என்ன எழுதுறதுக்கு?"

"பேருதான்."

"எத்தனை பேரு எழுதலாம்?"

"ஏழு."

"குத்துமதிப்பாவா?"

"குத்துமதிப்பா நான் எதையும் செய்யறது இல்ல தாயி. கணக்குப் போட்டுத்தான்." அப்படின்னுட்டு, அதுக்குப் புரியட்டுமேன்னு பாலத்துக் கணக்கையும் சொன்னேன். வெள்ளத்தைச் சொன்னேன்.

பொன்னுத்தாயி என்னைய நிமிந்து பாத்துச்சு. "எம் புள்ளைங்க ரெண்டு பேரும் உங்களுக்கு வெள்ளமாண்ணே?"

நான் பொதுவாச் சொன்னேன். யாரு பேரையும் சொல்லல. அதைத்தான் அன்னைக்கும் சொன்னேன், இன்னைக்கும் சொல்றேன். ஆனா சுத்தி நின்ன பொம்பளைங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாங்க. பஸ் வந்துச்சு. வழக்கமா முட்டிமோதி ஏறுற கூட்டம், அன்னைக்கு ஒரு சத்தம் இல்லாம ஏறிப் போச்சு.

மறுநாள்ல இருந்து பாக்கணும் நீங்க. பஸ் ஸ்டாப்புல நிழல் இருக்கு, பெஞ்சு இருக்கு. பொம்பளைங்க ஒருத்தரும் அங்க நிக்கிறதில்ல. எதிர்ப்பக்கம் வெயில்ல நிக்கிறாங்க. பஸ் வந்தா ரோட்டைத் தாண்டி ஓடியாறாங்க. தண்ணி பிடிக்க வர்றவங்க சுத்திக்கிட்டுப் பின்பக்கமா வர்றாங்க. யாரோ அந்தக் காலி இடத்துல மஞ்சளை அள்ளிப் பூசிட்டுப் போயிட்டாங்க. நான் போயி தண்ணி ஊத்திக் கழுவினேன். மறுநாள் சாக்கை வச்சு மூடிக் கயிறு கட்டியிருக்கு, பேரு இருக்கிற பாகத்தை விட்டுட்டுக் கீழ மட்டும். பூமிராஜன் பேருக்கு அடியில சரியா, நூல் பிடிச்ச மாதிரி. பொன்னுத்தாயி வேலைதான். கேட்டதுக்கு, "ஆமா, நான்தான்"னுச்சு.

வீரணன் கூட்டம் போட்டாரு. ஆளாளுக்கு ஒரு யோசனை. அந்த இடத்துல விளக்குப் படம் வெட்டலாம். கொடி வெட்டலாம். நன்கொடை குடுத்தவங்க பேரைப் போட்டுரலாம். இது ஒருத்தரு ரொம்ப ஆர்வமாச் சொன்னாரு, அவரு நன்கொடை குடுத்தவரு. நான் எதுக்கும் ஒத்துக்கல. செத்துப் போன பயலுகளுக்குக் கீழ சிமெண்ட்டுக் கடைக்காரன் பேரா? "கல்லுன்னா பேரு இருக்கணும், இல்ல சும்மா இருக்கணும்"னேன். வீரணன் எங்கிட்ட தனியா வந்து, "ஏம்ப்பா, உனக்கும் மகன் இருக்கான்ல"ன்னாரு. இருக்கான், அதுக்கென்னன்னேன். அவரு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. பெரிய சுபேதாரு, சொல்ல வந்ததைச் சொல்லத் தெரியல பாருங்க.

வீட்டுல கஸ்தூரி இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினது இல்ல. நல்ல பொண்ணு. ஒரு நாள் சோறு வச்சுக்கிட்டே, "மாமா, இன்னைக்கு ரேஷன் கடைக்குப் போக பஸ் ஸ்டாப் வழியா வந்தேன். சாக்கு காத்துல விலகிக் கெடந்துச்சு. பாப்பா இறங்கி ஓடிப்போயி அந்தக் கல்லுக்கு முன்னாடி நின்னுக்கிருச்சு. அந்த இடத்துல பாப்பா மூஞ்சி அப்படியே தெரிஞ்சுச்சு மாமா"ன்னா.

"அது மிரர் பாலிஷ்மா. அப்படித்தான் தெரியும்"னேன்.

அவ ரசத்தை ஊத்திட்டு உள்ள போயிட்டா. ரெண்டு நாள் கழிச்சு, அம்மாவுக்கு முட்டி வலியாம், நான் போயி கூட இருந்துட்டு வர்றேன் மாமான்னு, பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஆண்டிபட்டிக்குப் போயிட்டா. அந்தம்மாவுக்கு முட்டி வலி ரொம்ப நாளாவே உண்டு. போயிட்டு வாம்மான்னேன்.

அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைக்கிறேன், இருங்க. சத்தத்துல போன் அடிச்சாக் கேக்க மாட்டேங்குது.

திருமாறன் ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குக் கூப்பிடுவான். பதிமூணு வருஷமா அதுதான் வழக்கம். அந்த ஞாயிறு கூப்பிடல. சரி, வேலையா இருப்பான். நான் கூப்பிட்டா, தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு ஒரு பொம்பளை இந்தியில சொல்லுது. திங்கள், செவ்வாய், அதே பொம்பளை. கஸ்தூரிக்குப் போன் பண்ணி, "பாப்பா என்ன பண்ணுது"ன்னு கேட்டேன். தூங்குது மாமான்னா. அவளும் கேக்கல, நானும் சொல்லல. அப்பவே தெரிஞ்சுச்சு, அவளுக்கும் வரலைன்னு.

புதன்கிழமை டிவியில காட்டுறான். வடக்கே ஏதோ ஒரு செக்போஸ்ட்ல பனி சரிஞ்சு நாலு ஜவான்கள். பேரு இன்னும் அறிவிக்கலைங்கிறான். டிவியை அணைச்சுட்டேன். பயம்னு இல்ல. அந்தச் சேனல்காரன் கத்துறது எனக்கு ஆகாது. நாட்டுல எத்தனை லட்சம் பேரு இருக்கான், நாலு பேருன்னா நம்மள ஏன் நெனைக்கணும்.

வீட்டுல ஒத்தை ஆளு, வேலை இல்ல. அதனால கல்லுக்குப் போயிட்டு வருவேன். ரசமட்டத்தை எடுத்துக்கிட்டுப் போயி கல்லு சாயுதான்னு பாப்பேன். புதுப் பீடம், அஸ்திவாரம் இறங்கலாம். ஒரு நாளைக்கு அஞ்சு தடவை, ஆறு தடவை. டீக்கடையில சிரிச்சாங்க. சிரிச்சுட்டுப் போறாங்க. அஸ்திவாரத்தைப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்.

போன் வராத பதினொண்ணாவது நாளு. வெயிலு மண்டையப் பிளக்குது. நான் சாக்கை ஒதுக்கிட்டு, ஸ்கேலை வச்சு அளந்துக்கிட்டு இருக்கேன். பூமிராஜனுக்கு அடுத்த வரி. எதுக்கு அளந்தேன்னு இன்னைக்கும் தெரியல. எழுத்துக்கு எழுத்து என்ன அகலம்னு எனக்கு மனப்பாடம். ஹவில்தார் சோ. திருமாறன்னு எழுதினா எத்தனை அங்குலம் வரும்னு கை பாட்டுக்கு அளந்துருச்சு. பதினாறே கால். இடது பக்கம் மூணு அங்குலம் விட்டா சரியா நடுவுல உக்காரும். தொழில் புத்தி தம்பி அது. முப்பத்தோரு வருஷப் பழக்கம், வேற ஒண்ணுமில்ல.

ஸ்கேலை அங்கயே போட்டுட்டேன். வீட்டுக்குக்கூடப் போகல. செருப்பு இல்ல, சட்டையில பொத்தான் இல்ல, வந்த பஸ்ஸுல ஏறி மேலூரு போயிட்டேன்.

லூர்து ஒரு கல்லை அறுத்துக்கிட்டு இருந்தாரு. மிஷினை நிறுத்தச் சொன்னேன். "உங்க கட்டரை எடுத்துக்கிட்டு இப்பவே வாங்க"ன்னேன். அவரு என் காலைப் பாத்தாரு. பாத்துட்டு, என்ன ஏதுன்னு கேக்காம வண்டியை எடுத்தாரு. ரெண்டு ஆளையும் கூட்டிக்கிட்டாரு.

சங்கிலி போட்டுக் கல்லைத் தூக்கி, மணல் மூட்டை மேல படுக்க வச்சோம். பஸ் ஸ்டாப் பூராக் கூட்டம். எதிர்ப்பக்கம் நின்ன பொம்பளைங்க இந்தப் பக்கம் வந்துட்டாங்க. பொன்னுத்தாயி முன்னாடி நிக்கிது. வீரணன் ஓடியாந்தாரு. "கமிட்டியில பேசாம என்னப்பா இது"ன்னாரு.

"அளவு என்ன சார்?" லூர்து சாக்பீஸை நீட்டுறாரு.

நான் கையால காட்டினேன். "இங்க இருந்து. இதுக்குக் கீழ எல்லாம்."

"பீடத்துக்குள்ள ஆறு அங்குலம் போகணுமே சார்."

"அதை மட்டும் விடுங்க."

"நல்ல கல்லு சார். அளந்து ஒரு கோடு போட்டுக் குடுங்க. நீங்க போட்டாத்தான் சரியா இருக்கும்."

"நீங்களே போட்டுக்கிடுங்க லூர்து"ன்னுட்டுத் திரும்பி நின்னுக்கிட்டேன். சூரியன் கண்ணுல அடிச்சது, அதனால.

அறுக்கிற சத்தம் அரை மணி நேரம். தண்ணி ஊத்த ஊத்தக் கறுப்புச் சேறா ஓடுது, ரோட்டு வரைக்கும். துண்டு தனியா விழுந்ததும் யாரும் கை தட்டல. பொன்னுத்தாயி ஒரு செம்புத் தண்ணி கொண்டாந்து முதல்ல லூர்துக்குக் குடுத்துச்சு, அப்பறம் எனக்கு. வாங்கிக் குடிச்சேன்.

அப்ப சீனியம்மா வந்துச்சு. பூமிராஜனோட அம்மா. கூட்டம் வழி விட்டுச்சு. படுத்துக் கெடந்த கல்லுப் பக்கத்துல உக்காந்து, மகன் பேரு மேல இருந்த சேத்தைக் கையால வழிச்சு விட்டுச்சு. நான் பக்கத்துல போயி, "உங்க மகன் பேருதான்மா இப்ப கடைசி"ன்னேன். ஏன் அதைச் சொன்னேன்னு தெரியல. ஏதாவது சொல்லணுமேன்னு சொன்னது.

"இருக்கட்டும்பா. இவனோட முடியட்டும்"னுச்சு.

அந்தத் துண்டை லூர்து எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. எங்கயாவது ஒரு வீட்டுல சமையல் மேடையாப் போயிருக்கும். நான் விசாரிக்கல.

பதினாலாவது நாளு போன் வந்துச்சு. "டவர் இல்லாத இடத்துக்கு மாத்திட்டாங்கப்பா. இனிமே பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவைதான்"னான். நல்லதுன்னேன். "வேற என்னப்பா?" ஒண்ணும் இல்ல, மழை இல்லைன்னேன். "கல்லு நிறுத்தியாச்சா?" ஆச்சுன்னேன். வச்சுட்டேன். அவன் கூப்பிட்டதுக்கும் நான் கல்லை வெட்டினதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஊர்ல சில பேரு அப்படிப் பேசுறாங்க. நான் ஊரு ஒத்துமைக்காக வெட்டினேன். எவ்வளவு நாளைக்குப் பொம்பளைங்க வெயில்ல நிப்பாங்க.

அந்த நாலு பேரு பேரும் பேப்பர்ல வந்துச்சு. வேற மாநிலம், வேற பாஷை. நாலையும் படிச்சேன். ஒவ்வொரு பேருக்கும் எத்தனை எழுத்துன்னு எண்ணிட்டு, பேப்பரை மடிச்சு வச்சுட்டேன்.

அடுத்த வாரம் கஸ்தூரி வந்துட்டா. அவங்கம்மாவுக்கு முட்டி வலி குறைஞ்சிருச்சாம்.

திறப்பு விழா நல்லாவே நடந்துச்சு. கல்லுதான் குட்டையாப் போச்சு. ஆளு உசரம் இருக்க வேண்டியது, நெஞ்சுக்கு வருது. பூமிராஜன் பேரு பீடத்து மேல ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. தெரியாதவங்க பாத்தா, படம் போட்டவனுக்குப் படம் போடத் தெரியலைன்னு நெனைப்பாங்க. நெனச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். விட்டுட்டேன்னு சொல்றேனே தவிர, அந்த வழியாப் போனா எனக்கு அந்தக் கல்லைப் பாக்க முடியாது. கை துறுதுறுங்கும்.

இதோட முடிஞ்சதுன்னு நெனச்சேன். ஒரு மாசம் இருக்கும். பஸ்ஸுல இருந்து ஒரு பெரியவர் இறங்கி என் வீட்டைக் கேட்டுக்கிட்டு வந்தாரு. சடையாண்டின்னு பேரு, எம்பத்திரெண்டு வயசு. எங்க ஊர்ல பொறந்தவர்தான், மகள் கூட நத்தம் பக்கம் போயி இருக்காரு. அதனால எனக்கு ஞாபகத்துல இல்ல. மடியில இருந்து ஒரு தாளை எடுத்தாரு. நாலா மடிச்சு, மடிப்புல எல்லாம் கிழிஞ்சு, ஒட்டி வச்ச தாளு. இங்கிலீஷ்ல அச்சடிச்சது. சிப்பாய் முத்திருளன். வெள்ளைக்காரன் பட்டாளம். பர்மாவுல, நாப்பத்தி மூணுல.

"எங்கப்பா. நான் அப்ப வயித்துல"ன்னாரு.

ஆபீஸ் தாளு அவ்வளவு பின்னால போகல. ஒம்பது வீட்டுக்குப் போன நான் பத்தாவது வீடு இருக்கான்னு கேக்கவே இல்ல.

கூட்டிக்கிட்டுப் போயி கல்லைக் காட்டினேன். அவரு குனிஞ்சு, கடைசிப் பேருக்குக் கீழ கையைக் கொண்டு போனாரு. பீடம் தட்டுப்பட்டுச்சு.

"இடம் இல்லீங்களா?"

"இல்லீங்க ஐயா."

"கொஞ்சம் சின்ன எழுத்தா?"

நான் தலையாட்டினேன், முடியாதுன்னு.

"அவருக்கு அங்கயும் குழி கிடையாதுங்க. எங்க கெடந்தாருன்னே எங்கம்மாவுக்குத் தெரியாது. சொந்த ஊர்ல ஒரு வரி இருக்கட்டுமேன்னு வந்தேன்"னாரு. கோவமாச் சொல்லல. பஸ்ஸுல சீட்டு இல்லைன்னா நின்னுக்கிட்டுப் போறேன்னு சொல்ற மாதிரி சொன்னாரு. அவரை டீக்கடையில உக்கார வச்சுட்டு, நான் அந்தக் கல்லைச் சுத்திச் சுத்தி வந்தேன். ஏழு பேருக்கு இடம் விட்டேனே, ஒருத்தராவது வரப்போறவரா வந்தாரா பாருங்க. போனவருதான் வந்து நிக்கிறாரு.

அவருக்குத் தனிக் கல்லு போட்டேன் தம்பி. ஒண்ணரை அடிக்கு ஒரு அடி. ஒரே பேரு. அந்தப் பேருக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான், மேலயும் இல்ல கீழயும் இல்ல. பெரிய கல்லுக்கு இடது பக்கம், வருஷப்படி முதல்ல. லூர்து வெட்டினாரு. நட்டு முடிச்சதும் பொன்னுத்தாயி வந்து சுத்திப் பாத்துச்சு. பின்பக்கம்கூடப் போயிப் பாத்துச்சு. "இதுக்குக் கீழ?"ன்னுச்சு. மண்ணுதான் தாயின்னேன். சரின்னு தலையாட்டிட்டுப் போயி பெஞ்சுல உக்காந்துக்கிருச்சு.

உங்க ஊர்ல எத்தனை பேருன்னு சொன்னீங்க, ஆறா? ஆறு கல்லு போடுங்க. ஒவ்வொரு பேருக்கும் ஒவ்வொண்ணு. வரிசையில வேண்டாம், ஒரு மரத்தைச் சுத்தி. மொத்தக் கல்லு எத்தனைன்னு எவனும் எண்ணிப் பாத்து முடிவுக்கு வர முடியாத மாதிரி. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல எவ்வளவு இடம்னு மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க. அதை உங்க ஊர்ப் பொம்பளைங்ககிட்ட கேட்டுக்கிட்டு வாங்க.

போன மாசம் திருமாறன் லீவுல வந்தான். இளைச்சிருந்தான், காது மடல் ரெண்டும் பனியில வெடிச்சுக் கறுத்துக் கெடந்துச்சு. வந்த மறுநாளே கல்லைப் பாக்கணும்னான். நான், அவன், கஸ்தூரி, பேத்தி, நாலு பேரும் போனோம். அவன் பூட்ஸைக் கழட்டிட்டு நின்னு சல்யூட் அடிச்சான். முத்திருளன் கல்லுல இருந்து ஒவ்வொரு பேராப் படிச்சான். பூமிராஜன் அவனுக்கு ரெண்டு வருஷம் சீனியர், ஒண்ணா ஓடிப் பழகினவங்க. அங்க கொஞ்ச நேரம் நின்னான். அப்பறம் குத்தவச்சு உக்காந்து, அந்தப் பேருக்கும் பீடத்துக்கும் நடுவுல விரலை விட்டுப் பாத்தான். விரல் போகல.

"என்னப்பா இது, இப்படி ஒட்டி நிக்கிது? நீங்க அனுப்பின படத்துல உசரமால்ல இருந்துச்சு."

நான் பீடத்துல இருந்த தூசியத் தட்டினேன்.

"கீழ நாலஞ்சு பேருக்காவது விட்டிருக்கலாம்ப்பா. யாருக்காவது வேணும்ல." சாதாரணமாச் சொல்றான் தம்பி. அடுத்த வீட்டுக்காரனுக்கு வண்டி நிறுத்த இடம் வேணும்லன்னு சொல்ற மாதிரி சொல்றான். சொல்லிட்டு என்னைய நிமிந்து பாக்குறான்.

கஸ்தூரி பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டுப் பக்கத்துல நிக்கிறா. அவ என்னையத்தான் பாக்குறா.

"அளவு தப்பாயிருச்சுப்பா"ன்னேன்.

"உங்களுக்கா?"

"எனக்குத்தான். வயசாச்சுல்ல."

அவன் நம்ப முடியாமச் சிரிச்சான். "அப்பாவுக்கு அளவு தப்பிருச்சாம், கேட்டியா"ன்னு கஸ்தூரியப் பாத்துச் சொன்னான். அவ சிரிக்கல. கிட்ட வந்து, பிள்ளைய என் கையில குடுத்துட்டு, முந்தானையால அந்தக் கல்லைத் தொடச்சா. மேல இருந்து பீடம் வரைக்கும் நிதானமாத் தொடச்சா. தொடச்சு முடிச்சுட்டு, "வாங்க மாமா, வெயிலு ஏறுது, வீட்டுக்குப் போவோம்"னா.